காசு பார்க்கும் மிஸ்

“மண்ணுக்குள்ளாலயா, அலுமாரிக்குள்ளாலயா?”

பழைய காசைக் கொண்டுவந்து நீட்டுகிற எவரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வாங்கோ என்பதில்லை, இருங்கோ என்பதில்லை. மண்ணைக் கிண்டும்போது கிடைத்தது என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் காசைக் கையாலும் தொடமாட்டார். “தொல்பொருள் கந்தோருக்குக் கொண்டுபோ. எனக்குக் காட்டாதே. காட்டினால் நானே போய்ச் சொல்லிப்போடுவன்.” வீட்டு அலுமாரியில் தலைமுறையாக இருந்தது என்றால் மட்டும் உள்ளங்கையை விரிப்பார். காசு கையில் விழுந்ததும் இரண்டாவது கேள்வி வரும்.

“தேய்ச்சனீங்களா?”

இதற்குத்தான் சனம் கூடுதலாகப் பொய் சொல்லும். மன்னார்க் கடற்காற்றுக்குச் செப்புக்காசு பச்சை பூக்கும், வெள்ளிக்காசு கறுக்கும். விலை கூடும் என்று நினைத்துப் புளி போட்டு, தேசிக்காய் போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருவார்கள். அவருக்கு நெற்றி நரம்பு புடைத்துவிடும். “நூறு வருசத்துக்கு மேல இருந்து தனக்கெண்டு ஒரு தோல் பிடிச்சிருக்கு இந்தக் காசு. நீ அரை மணித்தியாலத்தில தோலை உரிச்சுப்போட்டு வந்து வடிவா இருக்கோ எண்டு கேக்கிறாய்!” வெளியே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. மன்னார் பஸ் நிலையத்தைச் சுற்றி அந்தப் பெயர் பட்ட பாடு போதும். எல்லாரும் அழைத்ததுபோல மிஸ் என்றே எழுதுகிறேன். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. முதற் கோபம் என்மேல்தான். ஆனால் அது என்னோடு நின்றுவிடுகிற கோபமல்ல.

பஸ் நிலையத்துக்கு முன்னால் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. கொப்பி எடுப்பது, தட்டச்சு செய்வது, அடையாள அட்டைக்கு பிளாஸ்ரிக் உறை போடுவது, அவ்வளவுதான். முன்பக்கத்தில் ஒரு மேசை சும்மா கிடந்தது. இரண்டு வருடங்கள் கிழமையில் மூன்று நாட்கள் அந்த மேசையில் அவர் இருந்தார்.

அதற்கு முன்பே எனக்கு அவரைத் தெரியும். வெறுப்போடுதான் தெரியும். கடைகளின் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். எருக்கலம்பிட்டி ஆள். தலையில் இழுத்துப் போர்த்திய முக்காடும் கையில் தோற்பையுமாக ஒருநாள் காலை மீன் சந்தைக்குள் வந்தார். எனக்கு அப்போதுதான் கலியாணமாகியிருந்தது, அப்பாவின் மீன்கடையில் உதவிக்கு நின்றேன். மிஸ் நேராக அப்பாவின் தராசுக்குக் கிட்ட வந்தார், ஒரு தட்டைத் திருப்பினார், அடியில் கறுத்த பிசின் வைத்து ஒட்டியிருந்த ஈயத்துண்டை நகத்தால் கிளப்பி எடுத்தார்.

“இது ஆருக்கு?” என்று கேட்டார்.

அப்பா தலையைச் சொறிந்தார். “காத்துக்குத் தட்டு ஆடுது மிஸ், அதுதான்…”

“காத்துக்கு ஒரு பக்கம் மட்டுமா ஆடுது?”

சந்தை முழுவதும் சிரித்தது. அப்பா நீதிமன்றம் போய்க் குற்றப்பணம் கட்டினார். சாகும்வரை மிஸ்ஸைச் சனியன் என்றுதான் அப்பா சொன்னார். நானும் சேர்ந்து சொன்னேன். ஈயத்தை ஒட்டியவர் அப்பா என்பது எங்கள் இருவருக்கும் ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு மிஸ் மேசை கேட்டு என் கடைக்கு வந்தார். என்னை அடையாளம் தெரியும் என்பதை மறைக்கவில்லை. “நீ அந்த மீன்காரர்ட மகள்தானே. வாடகையைச் சரியாச் சொல்லு. பேந்து கூட்டாதே.” வேறு வாடகைக்காரர் கிடைக்காததால் கொடுத்தேன்.

மேசையில் அவர் வைத்திருந்தவை கொஞ்சம்தான். ஒரு சின்ன மின்தராசு, விட்டம் அளக்கும் கருவி, ஒரு காந்தத் துண்டு, பூதக்கண்ணாடி, காசை அமிழ்த்தி நிறுக்க ஒரு கிண்ணம் தண்ணீர். முதலில் நிறுப்பார். வெள்ளைக்காரர் காலத்து ராணித்தலை வெள்ளி ரூபாய் பதினொன்றரைக் கிராமுக்குச் சற்று மேலே நிற்கவேண்டும். பத்துக்குக் கீழே போனால் மற்றதைப் பார்க்கவே தேவையில்லை என்பார். பிறகு விளிம்பைச் சுற்றிப் பார்ப்பார். அச்சில் ஊற்றிச் செய்த கள்ளக் காசுக்கு விளிம்பில் ஒரு பொருத்துக் கோடு ஓடும், அதை அராவி மறைத்திருப்பார்கள். கடைசியாக ராணியின் கன்னம்.

“பாவிச்சுத் தேய்ஞ்ச காசு மேட்டிலதான் தேயும். கன்னம், காது, கொண்டை. கள்ளமாத் தேய்ச்சவன் பள்ளத்தையும் சேத்துத் தேய்ச்சிருப்பான். அவனுக்குப் பொறுமை இல்லை.” எனக்குப் படிப்பிக்க அவர் இதைச் சொல்லவில்லை. காசோடு சண்டை பிடித்துக்கொண்டே பார்ப்பது அவர் பழக்கம். பக்கத்தில் இருந்தவள் காதில் விழுந்தது.

பார்த்து முடிந்ததும் ஒரு சீட்டு எழுதுவார். மேலே அவருடைய பெயர், கீழே நிறை, விட்டம், உலோகம், உண்மையா போலியா, காசின் நிலை என்ன என்பதற்கான கட்டங்கள். நிலைக்கு அவர் வைத்திருந்த சொற்கள் ஐந்து: புதுசு, நல்லது, பாவிச்சது, தேய்ஞ்சது, முகமழிஞ்சது. தேய்த்து மினுக்கியதென்றால் பக்கத்தில் சிவப்பு மையால் ‘கழுவினது’. சீட்டில் கையெழுத்துப் போட்டுக் காசோடு சேர்த்து ஒரு பிளாஸ்ரிக் உறையில் வைத்துக் கொடுப்பார். எழுதாத அந்த வெற்றுச் சீட்டுகளை அச்சடித்துக் கொடுத்தவள் நான். என் கணினியில்தான் அதன் மாதிரி இருந்தது. அந்தச் சீட்டு இருந்தால் கொழும்பில் வாங்குகிறவர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை என்று ஆறேழு மாதத்தில் பேர் வந்துவிட்டது. உண்மைக் காசுக்கும் போலிக் காசுக்கும் ஒரே கூலிதான் வாங்கினார்.

முருங்கனில் இருந்து ஒருவர் அரிசிமணியைத் தன் பக்கம் இழுக்கிற அதிசயக் காசு என்று ஒரு செப்புத் துண்டைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கோடிக்கணக்கில் போகுமாம். மிஸ் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனார், செம்பில் ஒட்டாத காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது. “அரிசி வேணுமெண்டால் கடையில போய் வாங்குங்கோ” என்று பட்டுத்துணியோடு திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் போன பிறகும் அரை மணி நேரம் புறுபுறுத்துக்கொண்டிருந்தார். ஏமாற்றியவன்மேல் வருகிற அளவு கோபம் ஏமாந்தவர்மேலும் அவருக்கு வந்தது. “கேக்கிறதுக்கு வாய் இருக்கு. ஏன் கேக்கிறேல்ல?”

உங்களிடம் ஒரு காசுகூட இல்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

“இருந்தது. வாப்பாட பெட்டகத்தில. தொண்ணூறில முஸ்லிம் எண்டு எங்கள் எல்லாரையும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்ன நேரம் உம்மா வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில செருகிக்கொண்டு புத்தளத்துக்கு வள்ளம் ஏறினவ. திரும்பி வரேக்க பூட்டும் இல்லை, கதவும் இல்லை. அந்தக் காசு இப்ப ஆற்ற அலுமாரியில இருக்குதோ!” சொல்லிவிட்டுக் கிண்ணத்துத் தண்ணீரை மாற்றப் போனார். அதைப் பற்றி வேறு ஒன்றும் அவர் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

விடத்தல்தீவில் இருந்து ஸ்ரெலா என்ற பெண் வந்தாள். கணவன் கடலில் போனவன், திரும்பவில்லை. மாமியார் கொடுத்த நான்கு ராணித்தலை ரூபாய்களைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். ஒரு காலத்தில் மாமியாரின் கழுத்தில் காசுமாலையாகக் கிடந்தவை. விற்றால் வள்ளத்துக்கு ஓர் இயந்திரம் போட்டு வாடகைக்கு விடலாம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிஸ் நான்கையும் நிறுத்தார். ஒன்று பதினொன்றரை. மற்ற மூன்றும் ஒன்பதைத் தாண்டவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், நரம்பு புடைத்தது.

“இது உண்மை. இந்த மூண்டும் கள்ளம்.”

ஸ்ரெலா கதிரையில் இருந்தபடியே அழத் தொடங்கினாள்.

“அழாதே. இஞ்ச பார். இந்த உண்மைக் காசில ராணியின்ர தலைக்கு மேல, விளிம்பில ஒரு தழும்பு இருக்கு. மாலைக்கு வளையம் பத்தவைச்ச தழும்பு. நாலும் ஒரு மாலையில கிடந்ததெண்டால் நாலிலயும் இருக்கவேணும். மூண்டில இல்லை. ஆருக்குக் காட்டினனீ?”

அவள் விக்கிக்கொண்டே சொன்னாள். “ஜெராட் அண்ணை… ரெண்டு நாள் வைச்சிருந்து பாத்துத் தந்தவர்.”

மிஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். “மாத்திப்போட்டான். எழும்பு. இப்பவே பொலிசுக்குப் போவம். எழும்பு எண்டுறன்!”

ஸ்ரெலா இன்னும் குறுகிக்கொண்டு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஜெராட் எங்கள் மாதா கோயிலில் முன் வரிசையில் இருக்கிற ஆள். கொழும்பில் பழைய சாமான் வியாபாரம் செய்துவிட்டு ஊருக்கு வந்தவர். என் மகளின் முதல்நன்மை விருந்துக்கு வந்து சாப்பிட்டவர்.

“மிஸ், ஜெராட் அண்ணை அப்பிடிச் செய்யமாட்டார். எங்கட ஆள். அவளுக்கும் கொஞ்சம் மெதுவாச் சொல்லலாமே.”

“மெதுவாச் சொன்னால் நிறை கூடுமோ?” என்று என் பக்கம் திரும்பினார். கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். “நீயும் உன்ர அப்பன் மாதிரித்தான். தட்டுக்கு அடியில ஒண்டை ஒட்டிவைச்சுக்கொண்டு கதைக்கிறாய். எங்கட ஆள் எண்டுறதும் ஈயம்தான்.”

ஸ்ரெலா பயந்து போய்விட்டாள். பொலிசுக்குப் போகவில்லை, பஸ் ஏறி ஊருக்குப் போனாள். மிஸ்ஸும் பையைத் தூக்கிக்கொண்டு போனார். செத்துப்போன என் அப்பாவை நாலு பேர் நடுவில் இழுத்துவிட்டார் என்று நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன தழும்பு என் கண்முன்னால்தான் இருந்தது. மூன்று காசில் அது இல்லை என்பதை நானும் பார்த்தேன். பார்த்தும், அப்பாவைச் சொன்னதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஜெராட் வந்தார். மிஸ் வராத நாள்.

“தங்கச்சி, மிஸ்ஸோட கதைச்சுத் தீத்திட்டன். சின்ன விளக்கப் பிழைதான். இனி நானும் அவவும் சேந்து செய்யப்போறம். சீட்டு நூறு அடிச்சுத் தரச் சொன்னவ.”

மிஸ்ஸின் மேசை லாச்சியில் இரண்டு கட்டுச் சீட்டு இருந்தது எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம்தான் அடித்துக் கொடுத்திருந்தேன். தொலைபேசி என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஒரு அழைப்பு போதும். எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நூறு சீட்டு அடித்தேன், வெட்டினேன், இறப்பர் வளையம் போட்டுக் கொடுத்தேன். ‘கத்துவாய்தானே, இப்ப கத்து’ என்று மனதுக்குள் நினைத்தேன். இதை ஒளிக்காமல் எழுதவேண்டும்.

மிஸ் பழையபடி கிழமையில் மூன்று நாளும் மேசைக்கு வந்துபோனார். மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து சனம் வந்து இறங்கியது. திருவிழா முடிந்து ஒரு கிழமைக்குள் கனடாக்காரர் ஒருவர் வேர்த்து விறுவிறுக்கக் கடைக்குள் நுழைந்தார். கையில் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு ராணித்தலை ரூபாய், கூடவே சீட்டு. கொழும்பில் காட்டியிருக்கிறார், போலி என்று சொல்லியிருக்கிறார்கள்.

“ஆர் இந்தச் சீட்டு எழுதினது? நீங்களோ?” மிஸ்ஸின் மேசையில் உறையை எறிந்தார். “திருவிழாவில ஆரோ ஒரு பெடியனிட்ட, இந்தச் சீட்டை நம்பி, ஊர்ச் சாமான் எண்டு ஆசைப்பட்டு வாங்கினது. வெக்கமாயில்லையா உங்களுக்கு?”

அன்று பள்ளிக்கூட விண்ணப்பங்களுக்குக் கொப்பி எடுக்க ஒரே கூட்டம். எல்லாரும் திரும்பினார்கள். மிஸ் உறையை வெட்டினார். காசைப் பார்க்கவே இல்லை, சீட்டை எடுத்தார். காசைப் பார்ப்பதுபோலவே அதைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார், விளிம்பைத் தடவினார், பூதக்கண்ணாடியை வைத்தார். தன் லாச்சியில் இருந்து ஒரு சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் இடது ஓரத்தில் மயிரளவு கறுத்த கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடியது. என் பிரிண்டர் அந்த மாதங்களில் எல்லாத் தாளிலும் போட்ட கோடு அது.

“கையெழுத்து என்ரயில்லை” என்றார். “சீட்டு இந்தக் கடையில அடிச்சது.”

பிறகு என்னைப் பார்த்தார். அந்த நேரம் அவர் கத்தவில்லை. “நீ அடிச்சனியா?”

“இல்லை” என்றேன்.

அந்தச் சொல் வாயில் இருந்து வந்த வேகம் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கடை, பிள்ளைகளின் படிப்பு, கோயிலில் என்ன சொல்வார்கள், எல்லாம் அந்த நொடிக்குள் வந்துபோயின. அவருடைய முகம் மட்டும் வரவில்லை.

மிஸ் மறுபடி கேட்கவில்லை. அவர் ஏன் என்னைக் கிழித்தெறியவில்லை என்று பின்னர் நினைத்திருக்கிறேன். அதற்குள் கூட்டம் பேசத் தொடங்கியிருந்தது.

“செய்யிறதையும் செய்துபோட்டுக் கடைக்காரப் பிள்ளையில போடுறா.”

“இவையளை நம்பினால் இதுதான்.”

இவையள் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மிஸ்ஸுக்கும் தெரியும். சொன்னவர் எனக்குப் படிப்பித்த ஆசிரியை ஒருவர். நான் கொப்பி இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன். மிஸ் தராசைப் பையில் வைத்தார், பூதக்கண்ணாடியைத் துடைத்து வைத்தார், கிண்ணத்துத் தண்ணீரை வாசலில் ஊற்றினார். போய்விட்டார்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தது மிஸ்தான். பொலிஸ் என்னிடம் வந்து கேட்டபோது, கணினி திறந்துதான் கிடக்கும், யாரும் எடுத்திருக்கலாம் என்றேன். இரண்டாவது பொய். அதற்குள் யாரோ அவருடைய படத்தை முகநூலில் போட்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்தவற்றை நான் திரும்ப எழுதமாட்டேன். தராசுக்கு முத்திரை குத்தின காலத்திலும் இலஞ்சம் வாங்கியவர் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு தேநீர்கூட வாங்கிக் குடிக்காத மனுசி. அப்பா எத்தனையோ முறை முயன்று பார்த்திருக்கிறார், எனக்குத் தெரியும். அதையும் நான் எழுதவில்லை. வாசித்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டு மாதம் அப்படியே போயிருக்கும். ஜெராட் திரும்ப வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

“நீ கெட்டிக்காரி தங்கச்சி. ஒண்டும் சொல்லேல்ல. எனக்குத் தெரியும், நீ எங்கட பிள்ளை எண்டு. இன்னும் நூறு அடி. பேரை மட்டும் மாத்துவம்.” சட்டைப்பையில் இருந்து கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். “இது உனக்கு. வைச்சிரு. நல்ல சாமான்.”

ராணித்தலை ரூபாய். கையில் விழுந்த பாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கன்னமும் கொண்டையும் மட்டும் தேய்ந்திருந்தன, பள்ளத்தில் கறுப்பு அப்படியே நின்றது. விளிம்பைத் திருப்பினேன். தலைக்கு மேலே வளையம் பற்றவைத்த தழும்பு.

அந்தத் தாலியறுந்தவளின் கழுத்துக் காசை எனக்குக் கூலியாகத் தருகிறான். எனக்கு எதுவும் தெரியாது என்ற நம்பிக்கையோடு தருகிறான். அதைவிட, நான் தன்னைப்போல ஒருத்தி என்ற நம்பிக்கையோடு தருகிறான். அதற்கு அவனுக்குக் காரணமும் இருந்தது. அதுதான் என்னைக் கொளுத்தியது.

“வெளியில போ” என்றேன். அண்ணை என்ற சொல் வாயில் வரவில்லை. அவன் இன்னும் சிரித்தான். மேசையில் கிடந்த, தாளில் துளையிடும் இரும்புக் கருவியைத் தூக்கினேன். “போடா வெளியில!” பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன். அவன் போன கையோடு கடையைப் பூட்டிவிட்டுக் காசோடு பொலிசுக்கு நடந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். “இதை ஏன் முந்தி மறைச்சனீங்கள்?” என்று எழுதிக்கொண்டிருந்தவர் கேட்டார். பயம் என்றேன். அவர் அதையும் எழுதினார்.

பொலிஸ் தேடிப் போவதற்குள் ஜெராட் ஊரைவிட்டுப் போய்விட்டான். இந்தியாவுக்கு என்கிறார்கள், மலேசியாவுக்கு என்கிறார்கள். ஸ்ரெலாவின் காசு வழக்குப் பொருளாக இன்னும் ஏதோ ஒரு உறைக்குள் கிடக்கிறது. மற்ற இரண்டும் எங்கே என்று தெரியாது. அவள் ஒவ்வொரு நீதிமன்றத் தவணைக்கும் பஸ் ஏறி வருகிறாள், அடுத்த தவணை கேட்டுக்கொண்டு போகிறாள்.

பொலிசில் சொன்ன மறுநாள் ஓர் அறிவித்தலைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு எருக்கலம்பிட்டிக்குப் போனேன். மிஸ் வாசலுக்கு வந்தார். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. “என்ன?”

தாளை நீட்டினேன். வாசிக்கும் கண்ணாடியை எடுத்துவந்து, நின்றபடியே வாசித்தார். அதில் நான் எழுதியிருந்தது இதுதான்: இன்னாருடைய பெயரில் வந்த போலிச் சீட்டுகளை என் கடையில் நானே தெரியாமல் அடித்துக் கொடுத்தேன். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. கீழே என் பெயர், கடையின் பெயர்.

“பேனை இருக்கா?”

கொடுத்தேன். சுவரில் தாளை வைத்து ஒரு சொல்லின்மேல் கோடு இழுத்தார். தாள் கிழிந்துவிடும் போல இருந்தது.

“தெரியாமல் எண்டுறது கள்ளம். என்ர லாச்சியில எவ்வளவு சீட்டு இருந்தது எண்டு உனக்குத் தெரியும். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லுவன் எண்டும் தெரியும். கேக்கேல்ல. கேக்காமல் எண்டு போடு.”

“ஓம் மிஸ்.”

“பத்துப் பேருக்கு முன்னால இல்லை எண்டு சொன்னதையும் எழுது. பொலிசுக்குச் சொன்ன பொய்யையும் எழுது. அரைவாசி எழுதிக்கொண்டு என்ர வீட்டுக்கு வராதே.” குரல் ஏறிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். “அண்டைக்கு நீ பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிசில்லை புள்ள. பயந்தவள் சொல்லுவாள். இவையள் எண்டு சொல்லேக்க நீ அந்த மெசினைத் திறந்து திறந்து மூடினாயே! ரெண்டு வருசம் உன்ர பக்கத்தில இருந்தனான். உன்ர மகளுக்குக் காய்ச்சல் எண்டு நீ ஓடின நாளெல்லாம் கடையைப் பாத்தனான். நான் இவையளா?”

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. உள்ளே போனார். போய்விட்டார் என்று நினைத்துத் திரும்ப வெளிக்கிட்டேன். ஒரு கோப்பையோடு வந்தார்.

“இந்தா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. கோவம் வேற, தேத்தண்ணி வேற.”

நின்றபடியே குடித்தேன். அவர் கதவில் சாய்ந்துகொண்டு நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார், கோபம் ஒரு துளியும் குறையாமல்.

சொன்னபடி எல்லாவற்றையும் எழுதி இருநூறு பிரதி அடித்தேன். பஸ் நிலையத்தில், மீன் சந்தையில், கோயில் மதிலில், என் கடைக் கதவில் ஒட்டினேன். என்னுடைய ஆசிரியையின் வீட்டுக்குப் போய்க் கையில் கொடுத்தேன். “இதையேன் இவ்வளவு பெரிசுபடுத்துறாய்?” என்று கேட்டார். முகநூலிலும் போட்டேன். மிஸ்ஸைத் திட்டியதை நூற்றுக்கணக்கில் பகிர்ந்த சனம், இதைப் பகிர்ந்தது பதினொரு பேர். எண்ணிப் பார்த்தேன்.

அவர் என் மேசைக்குத் திரும்பி வரவில்லை. பிறகு மகளோடு புத்தளத்துக்குப் போய்விட்டார், இரண்டாவது முறையாக. இந்த முறை யாரும் வெளிக்கிடச் சொல்லவில்லை என்று ஊரில் சொல்கிறார்கள்.

போன மாதம் கனடாக்காரர் வட்ஸ்அப்பில் எழுதினார். “அந்த அம்மாவின்ர நம்பர் இருக்கோ? ஒரு ஒல்லாந்தர் காசு வந்திருக்கு. பாக்கிறதெண்டால் அவதான் சரி எண்டு கொழும்பில சொல்லுறாங்கள்.” நான் கதவில் இருந்த அறிவித்தலைப் படம் எடுத்து அனுப்பினேன். வாசித்தார் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பிறகு பெருவிரலை உயர்த்திக் காட்டும் சின்னப் படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

உடனே அழைத்தேன். “அண்ணை, நீங்கள் அவவில கத்தினது என்ர கடைக்குள்ள, வாயால. எனக்கு விரல் காட்டாதேங்கோ. புத்தளத்துக்குப் போய், அவவின்ர வாசலில நிண்டு, அதே வாயால மன்னிப்புக் கேளுங்கோ. பேந்து காசைக் காட்டுங்கோ.”

“இல்லைத் தங்கச்சி, நான் அப்ப தெரியாமல்…”

“தெரியாமல் எண்டு சொல்லாதேங்கோ!” என்று கத்தினேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

நான் மறுபடி அழைத்தேன்.